உங்க குரல்ல ஒரு குறையும் இல்ல, மைக்கை மாத்துங்க

"குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா மைக்குக்கு செட் ஆகலியே."

இந்த வசனத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி பஸ் ஏறி வந்த பிள்ளைகள் எங்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். திருவிழா நேரத்தில் கரண்ட் போய் ஸ்பீக்கர் செத்தாலும் கடைசி லயம் வரைக்கும் கேட்கிற மாதிரிப் பாடுறவங்க அவங்க. ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர், "கத்தாதீங்க, கொஞ்சம் மூச்சு விட்டு, சினிமாவுல பாடுற மாதிரிப் பாடுங்க" என்கிறார். இவர்களும் பாடிப் பார்க்கிறார்கள். வருவது வேறு யாருடையதோ குரல். நாலைந்து தரம் முயன்றுவிட்டு, குறை தங்கள் தொண்டையில்தான் என்று முடிவுகட்டி, பாட்டையே விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்த ஒற்றை வசனத்துக்கு எதிரானது.

குரல் மைக்குக்கு செட் ஆகணும்னு எங்கேயும் சட்டம் கிடையாது. மைக் கடையில வாங்குற சாமான். சரிவரலன்னா கழட்டி வச்சிட்டு வேற ஒண்ணை மாட்டலாம். குரலை அப்படிக் கழட்ட முடியாது. ஒலிப்பதிவு வேலை தெரிந்தவர் முதலில் பாடுகிறவரைச் சும்மா பாடவிட்டுக் கேட்பார், அதற்குப் பிறகுதான் எந்த மைக்கை வைக்கலாம் என்று யோசிப்பார். வருகிற எல்லாருக்கும் ஒரே மைக்கை நீட்டிவிட்டுப் பழியைத் தொண்டைமேல் போடுவது சுத்தமான சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு விலை கொடுப்பது நாங்கள்.

மைக் வருவதற்கு முந்தி

மெதுவாகப் பாடுவதுதான் "ஸ்டூடியோ தரம்" என்று நம்புகிறவர்களுக்கு ஒரு சின்ன சரித்திரம் சொல்லணும்.

1902-இல் கிராமபோன் கம்பனிக்காக பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக் என்ற ஒன்றே கிடையாது. ஒரு பெரிய கொம்பு இருந்தது. பாடுகிறவர் அதன் வாய்க்குள் பாடணும். அந்தக் காற்றின் அதிர்வே ஊசியை அசைத்துத் தட்டில் கோடு கிழிக்கும். மெல்லிய குரல் அந்த ஊசியை அசைக்காது. அதாவது ஒலிப்பதிவின் முதல் கால் நூற்றாண்டில் "செட் ஆகாத" குரல் மென்மையான குரல்தான். உரத்துப் பாடியவர்களுக்கே தட்டில் இடம் கிடைத்தது.

1925-இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. கொழும்பில் வானொலி தொடங்கியதும் அதே வருடம்தான். மைக் வந்த பிறகு காதருகில் முணுமுணுக்கிற குரலுக்கும் மவுசு வந்தது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி அப்படிப் பாடிப் பேரெடுத்தார். தமிழ் சினிமாவில் ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் மைக்கை நம்பி மெதுவாகப் பாடக்கூடியவர்கள். நல்ல பாட்டுதான், நாங்களும் கேட்கிறோம். ஆனால் மென்மை என்பது ஒரு கருவி திறந்துவிட்ட ஒரு வழி. அந்த ஒரு வழியையே பாட்டின் இலக்கணம் என்று சொன்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது.

கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடி வளர்ந்த குரல். 1920களில் கொழும்பு மேடையிலும் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்திருக்கிறார். அதே குரல்தான் 1953-இல் 'ஔவையார்' படத்திலும் 1965-இல் 'திருவிளையாடல்' படத்திலும் ஸ்டூடியோவுக்குள் பதிவானது. "அம்மா, கொஞ்சம் அடக்கிப் பாடுங்க" என்று யாராவது சொல்லி அவர் அடக்கியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? நாகூர் ஹனிபாவின் கணீர்க் குரல், சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரல், 2003-இல் 'தூள்' படத்தில் வந்த பரவை முனியம்மாவின் கட்டைத் தொண்டை என்று எல்லாமே மைக் வழியாகத்தான் நம் காதுக்கு வந்தன. அங்கெல்லாம் "செட்" ஆனது எப்படி? பதிவு செய்தவர்கள் மைக்கைத் தள்ளி வைத்தார்கள், மாற்றி வைத்தார்கள், சத்தத்தின் அளவைக் குறைத்தார்கள். அது அவர்களுடைய வேலை.

எங்கள் குரல் எங்கே பழகியது

மலையகத்தில் பாட்டு வளர்ந்தது மூடிய அறைக்குள் இல்லை. மாசியில் காமன் கூத்து. தப்பு அடிக்கிற சத்தத்துக்கு மேலே ஏறி நின்று பாடணும். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி கட்டினால் எதிராளியையும் மிஞ்சணும், கூட்டத்தையும் மிஞ்சணும். கோயிலில் மாரியம்மன் தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, மலையில் கொழுந்து பறிக்கும்போது இந்த நிரையிலிருந்து அந்த நிரைக்குக் கேட்கிற தெம்மாங்கு. அந்தப் பாட்டுக்காரர்கள் வயிற்றிலிருந்து காற்றை எடுத்து, தொண்டையைத் திறந்து, சொல்லை முன்னால் தள்ளிப் பாடினார்கள். இன்றைக்கு ராப் பாடுகிற பிள்ளைக்கும் அந்தத் தொண்டைதான் வந்திருக்கிறது.

இப்படித் திறந்து பாடுகிற குரலில் ஓசையின் பலம் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் நிறையக் குவிந்திருக்கும். மனுசக் காது ரொம்பக் கூர்மையாகக் கேட்கிற பகுதியும் அதுதான். தூரத்திலிருந்து கூப்பிடுகிற குரல் சத்தங்களைக் கிழித்துக்கொண்டு வருவதற்குக் காரணம் இது.

இப்போது மைக்குக்கு வருவோம். சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிற பெரும்பாலான கண்டென்சர் மைக்குகள் மேல் ஓசையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரிச் செய்யப்பட்டவை. கேட்ட உடனே "ஆ, என்ன கிளியர்" என்று தோன்றணும், விற்கணும். மந்தமான, மூச்சு கலந்த குரலுக்கு அந்தத் தூக்கல் உதவும். ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கிற குரலை அதற்கு முன்னால் வைத்தால் வெளிச்சத்துக்கு மேல் வெளிச்சம் அடித்த மாதிரிதான். காது கூசும். 'ஸ', 'ஷ' எல்லாம் விசில் மாதிரி அறையும். அதைக் கேட்டுவிட்டுத்தான் "கத்துற மாதிரி இருக்கு" என்கிறார்கள். கத்தினது அந்த மைக்.

மூணு ஜாதி மைக்

மனுசருக்குத்தான் ஜாதி கூடாது. மைக்குக்கு உண்டு.

முதலாவது டைனமிக். மெல்லிய தகட்டின் பின்னால் ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் காந்தம். குரல் தகட்டை அசைத்தால் சுருள் அசைந்து மின்சாரம் பிறக்கும். முரட்டுத்தனமான சாமான். எவ்வளவு உரத்துப் பாடினாலும் தாங்கும், ஈரத்துக்கும் சுலபத்தில் மசியாது, தனியாக மின்சாரம் கேட்காது. கோயிலிலும் கூட்டத்திலும் நாம் பிடிக்கிறது இந்த வகைதான்.

இரண்டாவது கண்டென்சர். மின்னேற்றிய இரண்டு தகடுகளுக்கு இடையிலான தூரம் மாறுவதை வைத்து வேலை செய்வது. பொதுவாக 48 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகவே கொடுக்கணும். நுணுக்கமான ஓசையையும் பிடிக்கும். ஈரம் உள்ளே போனால் சிலவேளை பொரிகிற மாதிரிச் சத்தம் போடும். இரத்தினபுரி மாவட்டத்து மழையை நாங்கள் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

மூன்றாவது ரிப்பன். காந்தத்துக்கு நடுவில் மெல்லிய அலுமினிய நாடா. 1930களில் வானொலி நிலையங்களை ஆண்டது இதுதான். மேல் ஓசையைத் தூக்காது, குரலை வட்டமாக, இதமாகத் தரும். கூரான குரலுக்கு அருமையான சோடி. ஆனால் நாடா மெல்லியது, ஊதினாலே கெட்டுப் போகலாம். முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும் என்பதால் அறையும் நல்ல அறையாக இருக்கணும்.

இதில் எது உசத்தி என்று கேட்டால் கேள்வியே பிழை. எந்தத் தொண்டைக்கு, எந்த இடத்தில் என்று கேட்கணும்.

"டைனமிக் என்றால் மேடைக்கு, கண்டென்சர் என்றால் ஸ்டூடியோவுக்கு" என்று சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். உலகத்து மேடையெல்லாம் நிற்கிற ஷூர் எஸ்எம்58 வெளிவந்தது 1966-இல். அந்தப் பேரில் இருக்கிற 'எஸ்எம்' என்ற இரண்டு எழுத்துக்கு விரிவு 'ஸ்டூடியோ மைக்ரோபோன்'. முதலில் ஸ்டூடியோக்களுக்கென்று செய்து, அங்கே அவ்வளவாகப் போகாமல், பிறகுதான் அது மேடைக்கு வந்தது. இன்னொன்றும் இருக்கிறது. 1982-இல் வந்த மைக்கல் ஜாக்சனின் 'த்ரில்லர்' இசைத்தட்டில் அவர் குரலைப் பதிவு செய்ய புரூஸ் ஸ்வீடியன் எடுத்தது ஷூர் எஸ்எம்7. அதுவும் டைனமிக்தான். ஸ்வீடியனிடம் விலை கூடிய கண்டென்சர் இல்லாமலா இருந்தது? அந்தக் குரலுக்கு இது என்று காது சொன்னதால் எடுத்தார்.

எந்தக் குரலுக்கு எது

கூரான, உரத்த, திறந்த குரலா? மேல் ஓசையை அதிகம் தூக்காத டைனமிக். எஸ்எம்7பி மாதிரி, எலெக்ட்ரோ-வொய்ஸ் ஆர்இ20 மாதிரி தட்டையாகக் கேட்பவை நன்றாக இருக்கும். ஆனால் விலை கூட. சாதாரண எஸ்எம்58 கூட 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் தூக்கும். அதற்கு ஒரு கைவேலை உண்டு. வாய்க்கு நேரே பிடிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள். கூர் மழுங்கும்.

மெல்லிய, மூச்சு கலந்த, தாலாட்டுப் பாடுகிற குரலா? உங்களுக்குத்தான் கண்டென்சர். சின்ன இழைகளையும் அது விடாது. ஆனால் அமைதியான அறை இருந்தால் மட்டும்.

அடித்தொண்டைக் கனத்த குரலா? ஒரு பக்கத்தை மட்டும் கேட்கிற மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. கிட்டப் போகப் போக அடி ஓசை கூடும். கனத்த குரல் உதட்டை ஒட்டிப் பாடினால் கொழகொழவென்று ஆகும். நாலைந்து அங்குலம் தள்ளி நில்லுங்கள். ஆர்இ20 அந்தக் குணத்தைக் குறைப்பதற்கென்றே செய்யப்பட்டது.

கீச்சென்ற மெலிந்த குரலா? அதே குணத்தை உங்களுக்குச் சாதகமாக எடுங்கள். கிட்ட வாங்க. இரண்டு அங்குலத்தில் பாடினால் குரலுக்குச் சதை பிடிக்கும்.

'ப' வெடிக்குமே என்று பயப்படுகிறவர்களுக்கு: யூடியூபில் காட்டுகிற பயம் பெரும்பாலும் ஆங்கிலத்து 'பி'யைப் பற்றியது. அது காற்றை அள்ளி வீசும். தமிழில் 'பாட்டு', 'பச்சை' என்று சொல்லி உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பாருங்கள், காற்று கொஞ்சம்தான் வரும். ஆவேசமாகப் பாடும்போது வெடிக்கத்தான் செய்யும். அதற்கு ஒரு வலையோ, மைக்கைக் கொஞ்சம் சரிப்பதோ போதும்.

யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத ஒரு பரீட்சை இருக்கு. இரண்டு மூன்று மைக்கை இரவல் வாங்குங்கள். ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிற அண்ணன்மார் கிட்டயே கிடைக்கும். ஒரே பாட்டில் ஒரு நிமிசம், ஒரே தூரத்தில், எல்லாவற்றிலும் பாடுங்கள். உச்சத்தில் ஒரு அடி, கீழே ஒரு அடி இருக்கணும். பிறகு எல்லாப் பதிவையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வாங்க, ஏனென்றால் சத்தம் கூடினது எப்போதும் நல்லது மாதிரித் தோன்றும். எது எந்த மைக் என்று உங்களுக்குத் தெரியாத மாதிரி வேற ஒருத்தரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விலையும் பேரும் தெரியாமல் காது தேர்ந்தெடுக்கிற மைக்தான் உங்கள் மைக்.

லயத்துக் காம்பராவில் கண்டென்சர்

"பத்தாயிரத்துக்குள் சிறந்த மைக்" என்று வீடியோ போடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் பாருங்கள். சுவர் முழுக்கப் பஞ்சு. கதவு பூட்டியிருக்கிறது. பெரும்பாலும் அவர் பாடவில்லை, பேசுகிறார். அந்த அறையில் எடுத்த முடிவு, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு எப்படிப் பொருந்தும்?

எங்கள் காம்பராவுக்கு மேலே தகரம். பல லயங்களில் இடைச்சுவர் கூரை வரைக்கும் ஏறுவதில்லை. பக்கத்துக் காம்பராவில் டீவி, அதற்கு அடுத்ததில் பிள்ளை அழுகிறது, இஸ்தோப்பில் பெரியவர்கள் பேசுகிறார்கள். மழை பெய்தால் மற்ற எல்லாச் சத்தமும் அதற்குள் அமுங்கிப் போகும்.

"கண்டென்சர் அறைச் சத்தத்தையெல்லாம் இழுக்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் ஒரு மந்திரமும் இல்லை, விசயம் தூரம்தான். கண்டென்சரை வழக்கமாக ஆறு எட்டு அங்குலமாவது தள்ளி வைத்துப் பாடுகிறோம். மேடை டைனமிக்கை உதட்டில் ஒட்டலாம். கணக்குப்படி, இரண்டு அடி தூரத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்கு வந்தால் மைக்கில் விழுகிற குரலின் அழுத்தம் சுமார் 12 மடங்கு கூடும். மழையோ அதே மழைதான். அதனால் சத்த அளவைக் கீழே இறக்கலாம், இறக்கும்போது மழையும் சேர்ந்து இறங்கும். வேறு எந்தச் செலவும் இல்லாத சத்தத் தடுப்பு இது.

இரண்டாவது, மைக்கின் முதுகைப் பயன்படுத்துங்கள். எஸ்எம்58 போன்ற மைக்குகள் முதுகுப் பக்கத்தில்தான் ஆகக் குறைவாகக் கேட்கும். மைக்கைக் கீழே வைத்து மேலே பார்க்கவிட்டால் அது உங்கள் வாயோடு சேர்த்துத் தகரத்தையும் கேட்கிறது. கண் மட்டத்துக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, வாயைப் பார்த்துக் கீழே சரித்துவிடுங்கள். இப்போது முதுகு தகரத்துக்கு. மழை நிற்காது, ஆனால் குறையும்.

மூன்றாவது, போர்வையை மைக்குக்குப் பின்னால் மட்டும் கட்டாதீர்கள். மைக் பார்க்கிறது உங்களை, உங்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரை. ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டுங்கள். கனத்த கம்பளி இரண்டை மடித்துத் தொங்கவிட்டு, ஒரு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்தால் போதும். ஒரு காலத்தில் தோட்டத்தில் கம்பளியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். பாட்டன் பூட்டன் காசு கட்டிய கம்பளிக்கு இப்படியாவது ஒரு பிரயோசனம் இருக்கட்டும்.

காசுக் கணக்கு

மைக்கின் விலையை டொலரில் பேசுகிறவர்களுக்கு அது வெறும் நம்பர். நாங்கள் நாட்சம்பளத்தில் கணக்குப் பார்ப்போம். 2024-இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்டூடியோ என்றாலே படத்தில் வருகிற நியூமன் யூ87 இருக்கிறதே, 1967-இலிருந்து வருகிற மைக், அது 3,000 டொலருக்கு மேல். 3,000 என்றே வைத்தாலும் 9 லட்சம் ரூபா. 666 நாள் கொழுந்து. மாசத்தில் 25 நாள் வேலை கிடைத்து, ஒரு சதம் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் இருந்தாலும் இரண்டு வருசத்துக்கு மேல். எஸ்எம்58 சுமார் 100 டொலர், 30,000 ரூபா. வரி, கடைக்காரர் இலாபம் சேர்க்காமல் 22 நாள் கொழுந்து. அதுவும் சின்னக் காசு இல்லை. அதனால்தான் சொல்கிறோம், கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

சீட்டு எடுத்த காசில் கண்டென்சர் வாங்கி, 48 வோல்ட் கொடுக்கிற பெட்டி இல்லாமல் அலமாரியில் வைத்திருக்கிறவர்களை நமக்குத் தெரியும். எஸ்எம்7பி-யைப் பொட்காஸ்ட் வீடியோவில் பார்த்து ஆசைப்படுகிறவர்களும் ஒன்று தெரிந்துகொள்ளணும். அது ரொம்ப மெல்லிய மின்சாரம் தருகிற மைக், குறைந்தது 60 டெசிபல் தூக்கிக் கொடுக்கிற பெட்டி வேணும். மலிவான பெட்டியில் செருகினால் குரலோடு 'உஸ்' என்ற இரைச்சலும் ஏறும். மைக்கின் விலை என்பது மைக், பெட்டி, கேபிள், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்ததுதான்.

போலியும் உண்டு. எஸ்எம்58-க்கு உலகமெங்கும் போலி வருகிறது. பெட்டி, ஸ்டிக்கர், பை எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். அசலின் நிறை 298 கிராம். வீட்டுக்குப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நிறை சரியாக இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, ஆனால் நிறை குறைந்தால் சந்தேகமே வேணாம்.

கண்டென்சர்தான் வேணும் என்று உங்கள் காது சொன்னால் வாங்குங்கள். பாடி முடித்ததும் காற்றுப் புகாத டப்பாவில், சப்பாத்துப் பெட்டியோடு வருகிற சிலிக்கா பொட்டலங்கள் நாலைப் போட்டு மூடி வையுங்கள். இந்த ஈரத்தில் அதை ஸ்டாண்டிலேயே விட்டு வைப்பது மைக்கைக் கொல்வது.

எதிர்ப் பேச்சு

"பெரிய ஸ்டூடியோ எல்லாம் கண்டென்சர்தானே வைக்கிறாங்க?" வைக்கிறார்கள்தான். அந்த அறை கட்டிய செலவு மைக்கின் விலையை விடப் பல மடங்கு. அங்கேயும் ஒன்றுக்குப் பத்து மைக் அலமாரியில் இருக்கும், பாடுகிறவரைப் பார்த்து மாற்றுவார்கள். நமக்கு அவர்களிடமிருந்து படிக்க வேண்டியது அந்த மாற்றுகிற பழக்கத்தை.

"இப்ப ஆட்கள் மெதுவான குரலைத்தானே கேட்கிறாங்க?" 2021-இல் 'எஞ்ஜாயி எஞ்சாமி' வந்தபோது அதைக் கோடிக்கணக்கில் கேட்டார்கள். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த பாட்டு அது. தீயின் கரகரத்த குரலும், அறிவின் வேகமான சொல்லும், ஒப்பாரியும் அதில் ஒன்றாக இருக்கின்றன. ஒப்பாரியை மெதுவாகப் பாடினால்தான் கேட்பார்கள் என்று யாரும் அடக்கவில்லை. எங்கள் மண்ணின் பாட்டை உலகம் கேட்காது என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

"சொப்ட்வெயர்ல சரி பண்ணிக்கலாம்" என்பது மூன்றாவது. மேல் ஓசையைக் கொஞ்சம் குறைக்கலாம், உண்மைதான். ஆனால் பதிவுக்குள் ஏறிவிட்ட தகர மழையைப் பிரிக்கப் போனால் குரலும் சேர்ந்து கிழியும். அதை விடப் பெரிய விசயம், பயந்து அடக்கிப் பாடின குரலை எந்தச் சொப்ட்வெயரும் திறந்துவிடாது.

எதற்கு இந்தச் சண்டை

ஒரு மைக்குக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம்.

1930களில் நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். தொழிலாளரைக் கூட்டியதில் அந்தப் பாட்டுக்கும் பங்கு உண்டு. அவர் பாடல்கள் அச்சில் வந்தன. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் செய்யாதிருந்தால் அந்தச் சொற்களும் போயிருக்கும். நாம் அவர்களுக்குக் கடமைப்பட்டவர்கள். ஆனால் புத்தகத்தில் சொல்தான் ஏறும். நிரையில் நின்று பாடியவளின் மூச்சு எங்கே நின்றது, எந்த எழுத்தை இழுத்தாள், எந்த இடத்தில் குரல் உடைந்தது என்பதெல்லாம் காகிதத்தில் ஏறாது.

2023-இல் மலையகம் 200 என்று பதாகை பிடித்தோம், நடந்தோம், பேசினோம். அந்த 200 வருசத்துப் பாட்டு இன்னும் சில கிழவிகளின் தொண்டையில்தான் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஏ4 வீதியில் கொழும்புக்குப் போய், கண்ணாடி அறைக்குள் நிறுத்தி, "பாட்டி, மெதுவாப் பாடுங்க" என்று சொல்லப் போகிறோமா? அவர்கள் பாடவே மாட்டார்கள். மைக் அவர்கள் இஸ்தோப்புக்கு வரணும், அவர்கள் குரலுக்கேற்ற மைக்காக வரணும்.

ஆகவே எங்கள் யோசனை இது. ஒவ்வொரு தோட்டத்து இளைஞர் மன்றமும், விளையாட்டுச் சங்கமும், கோயில் கமிட்டியும் அடுத்த திருவிழாக் காசில் ஒரு பங்கை ஒதுக்கட்டும். நல்ல டைனமிக் மைக் ஒன்று, ஸ்டாண்ட் ஒன்று, இரண்டு மைக் செருகக்கூடிய, 48 வோல்ட்டும் தருகிற பெட்டி ஒன்று, கேபிள். தனி ஆளுக்குப் பாரமான இந்தக் காசு ஐம்பது குடும்பத்துக்குப் பாரமில்லை. சாமான் மன்றத்துக்குச் சொந்தம். படிக்கிற பிள்ளையும் பாவிக்கலாம், ராப் பாடுகிற தம்பியும் பாவிக்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் கண்டென்சர் வாங்கியிருந்தால் மாற்றி மாற்றி இரவல் எடுக்கலாம். எந்தக் குரலுக்கு எது என்று அப்போதுதான் காதுக்குப் பழகும்.

தை, மாசியில் நம் பக்கம் மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கும். காமன் கூத்தும் அந்த நேரம்தான். அதில் முதல் ஞாயிறு, பெரட்டும் இல்லாத நாள் பார்த்து, தோட்டத்திலேயே ஆக வயசான பாட்டுக்காரியிடம் போங்க. கம்பளியை அவருக்குப் பின்னால் கட்டுங்க, மைக்கை மேலேயிருந்து சரிச்சு விடுங்க, சத்த அளவைக் குறைச்சு வைங்க. பிறகு ஒன்றே ஒன்று சொல்லுங்க:

"பாட்டி, எப்பவும் பாடுற மாதிரியே பாடுங்க."